பாதிச் சோறு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வெள்ளைக்காரத் துரை காலத்தில் மலாயாவில் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் நடந்ததைச் சொல்கிறேன்.

பால் வெட்டும் இருளப்பன் எல்லாரிடமும் நன்றாகத்தான் பேசுவான். பெண்டாட்டி பேச்சாயி சோற்றில் விஷம் வைக்கிறாள் என்ற எண்ணம் மட்டும் அவனை விடவில்லை.

"பாதிய நீ தின்னு மொதல்ல."

அவள் தின்ற பிறகே அவன் தட்டில் கை வைப்பான்.

அவளும் பால் வெட்டப் போகிறவள்தான்; கொஞ்ச நாளாய் அவளுக்கு மரத்தடியிலேயே கண் சொருகியது. மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணம் நிறைந்து பால் மண்ணில் வழிந்தது.

"மெத்தை போடவா தாயி?" என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். "இன்னொரு தடவ தூங்குனா பேர வெட்டிருவேன்."

அன்று மாலை பாதிச் சோறு தின்றதுமே அவள் சுவரில் சாய்ந்தாள். இருளப்பன் அவளையே பார்த்தான்.

"புள்ள, ஒன்னைய சந்தேகப்பட்டது தப்பு. எவனோ நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து வைக்கிறான்."

"ஒண்ணுமில்லீங்க, அசதி."

"நீ வெள்ளந்தி, ஒனக்குத் தெரியாது. இனி நானே ஆக்குறேன். அடுப்புப் பக்கம் வராத."

வருசக்கணக்கில் தொடாத தலையைத் தடவிக் கொடுத்தான். பேச்சாயி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

அவள் முந்தானை முடிச்சில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் அவன் சந்தேகப் புத்தி தணியக் கொடுத்த மாத்திரைகள் இருந்தன.

"அவன்கிட்ட வாதாடாத. கையில குடுத்தா முழுங்க மாட்டான், சோத்துல பொடிச்சுப் போடு" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்.

இத்தனை நாளும் பாதி மருந்தாவது அவனுக்குப் போனது. இனி அதுவும் இல்லை.

உங்கள் வீட்டுச் சோறு என்றைக்கும் வெறும் சோறாகவே இருக்கட்டும், கண்ணுகளா.