காகத்தை நகர்த்தும் கை

ஓர்ஸ் ஹில் வீட்டில் இரத்தினேஸ்வரியும் கணவர் வீரசிங்கமும் கார்ட்டூன் படம் எடுத்தார்கள். வெட்டிய காகித உருவங்களை மேசையில் வைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் கமராவை அமுக்க வேண்டும். நண்டு அவளுடையது, காகம் அவருடையது. அவர் கையை மெல்ல, ஆறுதலாகத்தான் எடுப்பார். பாதி நகமில்லாத அவருடைய பெருவிரலும் படத்தில் விழுந்துவிடும். "கையை எடுங்கோ!" என்று அவள் கத்துவாள்.

மூதூரில் படம் காட்டப் போனபோது வள்ளம் கவிழ்ந்து அவர் கடலோடு போனார். கொண்டுபோன மூன்று படச் சுருள்களும் போயின.

போனவற்றைத் திரும்ப எடுத்தே தீருவேன் என்று இரத்தினேஸ்வரி ஒற்றைக்காலில் நின்றாள். நண்டையும் காகத்தையும் தானே நகர்த்தி ஒரு சுருளை முடித்து, கழுவக் கொழும்புக்கு அனுப்பினாள். வந்ததும் பக்கத்து வீட்டு றம்லாவோடு போட்டுப் பார்த்தாள். காகம் பறக்கும் இடத்தில் ஒரு கை வந்துபோனது. பெருவிரலில் பாதி நகம் இல்லை.

"அண்ணன் இருக்கக்குள்ள எடுத்த படமா அக்கா?"

"இல்லை. போன மாசம் நான் தனிய எடுத்தது."

றம்லா எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை இரத்தினேஸ்வரி அடுத்த படத்துக்கு உருவங்களை வைத்தாள். நண்டை நகர்த்தினாள். காகத்தைத் தொடவில்லை. சற்றுப் பொறுத்து, "கையை எடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கமராவை அமுக்கினாள்.