விழுங்கிய எழுத்து

முதல் பாகத்தின் மூன்றாம் பக்கத்திலேயே அவள் விரல் நின்றுவிட்டது.

ஐந்து பாகங்களையும் ஏற்கெனவே ஒருமுறை படித்தவள்தான். சலவைக்கூடத்தில் நாளெல்லாம் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு, மாலை வகுப்பில் எழுத்துப் படித்தாள். வீட்டில் கிடந்த புத்தகங்கள் இவைதான். இவற்றையே எடுத்து எழுத்துக் கூட்டினாள். புரியாத இடங்களில் ஒரே தாவு.

தம்பி விட்டுவிட்டுப் போனவை. ரத்தக் காட்டேரிக் கதை.

நண்பர்கள் ஒன்றுகூடி, ஆளுக்கொரு வேஷம் வைத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஒரு விளையாட்டிலிருந்து பிறந்தது என்று பின்னட்டையில் போட்டிருந்தது.

அதைப் படித்த அன்றுதான் அவளுக்குத் தன் தப்பு தெரிந்தது.

பகடை என்றால் சூதாட்டம் என்றுதான் அவளுக்குத் தெரியும். முன்பு ஒருநாள் தம்பியின் பகடைகளை அள்ளிச் சாக்கடையில் கொட்டிவிட்டு, சூதாடிக்கு இந்த வீட்டில் இடமில்லை என்றாள். ரோஷக்காரன். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் இறங்கிப் போனான்.

கதையில் அவள் மனதில் ஒட்டிக்கொண்டது ஒரே வரி. காட்டேரிப் பிரபுவைப் பற்றியது.

‘அழாமல் எந்த வாசலையும் தாண்ட மாட்டான்.’

ரத்தம் குடிக்கிறவனுக்கே அப்படியொரு மனசு. கூடப் பிறந்தவனுக்கு?

மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி வருவான். சூட்டுக்காயத்துக்குப் போடும் களிம்பைப் பையில் வைத்து, கதவின் கைப்பிடியில் மாட்டுவான். கொஞ்ச நேரம் நிற்பான். பிறகு படியிறங்கிவிடுவான்.

அவள் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பாள். முகமா அது, கல். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது.

அவள் கதவைத் தாழிடுவதே இல்லை. தள்ளினால் திறக்கும் வீட்டுக்குள் வரத் தெரியாதவன் நிற்கட்டும், கால் கடுக்க நிற்கட்டும் என்று இருந்துவிடுவாள். அவன் போன பிறகு களிம்பைத் தடவிக்கொண்டு படுத்துவிடுவாள்.

இன்று அந்த வரியில் ஏதோ இடித்தது. விரலை வைத்து மறுபடியும் கூட்டினாள்.

அ. ழை. யா. மல்.

முதல் தடவை படித்தபோது நடுவில் ஓர் எழுத்தை விழுங்கியிருக்கிறாள்.

‘அழையாமல் எந்த வாசலையும் தாண்ட மாட்டான்.’

புத்தகம் மடியில் கவிழ்ந்தது.

தம்பி இங்கே இருந்த காலத்தில், வேலை விட்டு வந்ததும் தினமும் வாசலில் நட்டுவைத்த கம்பம்போல நிற்பானே. அவளும் அடுப்படியிலிருந்தே கத்துவாளே.

“உள்ள வாடா மகாராசா, கம்பளம் விரிச்சாத்தான் வருவியோ?”

அதற்குப் பிறகுதான் இளித்துக்கொண்டே காலை எடுத்து வைப்பான். கொழுப்பு என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்; அது அந்தப் பிரபுவின் வேஷம்.

வெளியே கைப்பிடியில் பை உரசியது.

எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடையை எட்டுவதற்குள் செருப்புச் சத்தம் படியில் இறங்க ஆரம்பித்துவிட்டது. மகாராசாவும் கம்பளமும் வழியிலேயே உதிர்ந்துபோயின. மிச்சம்தான் வெளியே வந்தது.

“உள்ள வாடா.”

சத்தம் நின்றது.

பிறகு மெல்ல மேலே ஏறியது.

வந்தான். கதவைத் தள்ளினான். அழைத்தாயிற்று, இருந்தும் அவன் வாசலைத் தாண்டவில்லை.

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்து முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.