நாலு சாண் ஓட்டம்

மூன்றாவது காரும் வேகமாக ஓடிவிட்டது.

விறாந்தையின் சீமெந்துத் தரையில் சர்ரென்று பாய்ந்து, நிலைப்படியில் மோதி, ஒரு சக்கரம் கழன்று முற்றத்துக்கு உருண்டது. ஸாஜித் எழுந்துபோய் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். முகத்தில் சந்தோஷமே இல்லை.

ஏறாவூரில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன் அவன். வெள்ளிக்கிழமை என்பதால் கராஜ் பூட்டு. ஜும்ஆ முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விளையாட்டுக் கார் செய்யத் தரையில் உட்கார்ந்தவன்தான். சுற்றிவர காட்போட் துண்டுகள், தண்ணீர்ப் போத்தல் மூடிகள், சைக்கிள் கம்பி, ஒரு பை நிறைய இறப்பர் பட்டி.

மச்சான் ஷிஹான் கதிரையில் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தாரிலிருந்து லீவில் வந்து இன்னும் பத்து நாள் ஆகவில்லை. தங்கச்சி ஸுஹைனாவின் மகள் பஸ்னாவுக்கென்று அவன் கொண்டுவந்த ரிமோட் கார், விளக்கெரித்து ஹோர்ன் அடித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றிவரும். அது இப்போது அலுமாரிக்கு மேலே இருந்தது. ஸாஜித்தான் தூக்கி வைத்தான். ஏன் என்று அவன் சொல்லவுமில்லை, ஷிஹான் கேட்கவுமில்லை. மனதுக்குள் மட்டும் ஒரு தாங்கல்.

"ஓடாத வண்டியை ஓடவைக்கத்தானே மச்சான் எல்லாரும் உங்கக்கிட்ட வாறாங்க. நீங்க என்னடாண்டா ஓடுறதைப் புடிச்சி நிப்பாட்டுறீங்க."

ஸாஜித் சிரித்தான்.

பின் அச்சில் டேப்பைச் சுற்றிச் சுற்றித் தடிப்பாக்கினான். அச்சு தடித்தால் காரை இழுக்கிற இறப்பர் பட்டி அதில் குறைவாகத்தான் சுற்றும், ஓட்டமும் குறையும். பாய்ச்சல் அடங்கட்டும் என்று பழைய செயின் துண்டொன்றை மேலே வைத்துக் கட்டினான். கடைசியில், பட்டியின் நுனியை அச்சோடு சேர்த்து இறுக்கி முடிந்தான். முறுக்கு அவிழ்ந்து தீர்ந்த இடத்தில் அதுவே காரைப் பிடித்து நிறுத்திவிடும்.

கதிரைக்கு முன்னாலிருந்து நாலு சாண் அளந்து, வெண்கட்டியால் தரையில் ஒரு கோடு போட்டான்.

கார் கோட்டைத் தாண்டிப் போனது. இன்னும் ஒரு சுற்று டேப்.

இந்தத் தடவை நகர்ந்து நகர்ந்து போய், கோட்டுக்கு மேல் நின்றது.

ஸுஹைனா குசினி வாசலில் ஈரக் கையோடு வந்து நின்றாள். ஷிஹான் ஏதோ பகிடி விட வாயெடுத்தான். தங்கச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

பஸ்னா ஷிஹானுடைய கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வருகிற பெருநாளோடு நாலு வயது. கார் போவதைப் பார்த்தாள். நின்றதைப் பார்த்தாள். இனித் திரும்பி வரும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

"வாப்பா, எடுங்க."

"அதுக்கு முறுக்கு முடிஞ்சிட்டு மகள். நீங்க எடுத்துத் தாங்க, வாப்பா திரும்ப முறுக்கித் தாறன்."

பஸ்னா காரைப் பார்த்தாள். பிறகு வாப்பாவைப் பார்த்தாள். வாப்பா அசைகிற மாதிரித் தெரியவில்லை.

பிறகு கதிரையை விட்டாள்.

எட்டாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளை. சுவரைப் பிடித்தால் நடப்பாள், உம்மாவின் விரலைப் பிடித்தால் நடப்பாள். கையை விட்டால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். "கால்ல பெலன் வந்திட்டு. போகோணுமெண்டு அவக்குத்தான் மனசு வரோணும்," என்று பயிற்சி கொடுக்கிற மிஸ் சொல்லி ஒரு வருசமாகிவிட்டது. நடக்காத பிள்ளை இருந்த இடத்திலேயே இருந்து விளையாடட்டும் என்றுதான் ஷிஹானும் கடை கடையாக ஏறி இறங்கி அந்த ரிமோட் காரை வாங்கினான்.

ஒரு அடி. இரண்டு கைகளும் காற்றில்.

இரண்டாவது அடியில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. ஸுஹைனா பாயப் போனாள். ஸாஜித் அவளைத் திரும்பிப் பார்க்காமலே விரலை உயர்த்தினான்.

மூன்றாவது. நாலாவது.

கோட்டடியில் பொத்தென்று உட்கார்ந்தாள். காரை எடுத்து மடியில் வைத்துச் சக்கரத்தைத் தடவினாள். அதுவே போதும் என்று ஸாஜித்துக்குத் தோன்றியது. அதுவே போதும், அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அவள் ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். பின்பக்கத்தை மேலே தூக்கினாள், ஆடினாள், நிமிர்ந்தாள். காரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பிடிக்க ஒன்றுமில்லாத அந்த நாலு சாணையும் திரும்பிக் கடந்து வந்து வாப்பாவின் கையில் வைத்தாள்.

"முறுக்குங்க."

ஸாஜித் அச்சைத் திருப்பப் பார்த்தான். பட்டி வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை.

ஷிஹான் மெதுவாகக் கதிரையிலிருந்து இறங்கி, அவனுக்குப் பக்கத்தில் குந்தி, காரை வாங்கிக்கொண்டான். அவனும் மூக்கை உறிஞ்சினான்.

"எத்தின சுத்து மச்சான்?"

"எட்டு," என்றான் ஸாஜித்.

பிறகு மகளின் கால்களைப் பார்த்தான்.

"இல்ல. ஒம்பது வைங்க."