பத்து நிமிஷ டெஸ்ட்

வேலை முடிந்தும் அந்த ஆள் கிளம்பவில்லை.

சுவரில் பெட்டியை மாட்டி, ஒயரைச் செருகி, பச்சை விளக்கும் எரிந்தாயிற்று. கேபிள்காரர் மட்டும் கதவோரம் அப்படியே நின்றார்.

“அவ்ளோதானே அண்ணே?” என்றாள் அவள், இடுப்பில் பிள்ளையோடு.

“ஒரு வீடியோ கால் போட்டு டெஸ்ட் பண்ணணும்மா. பத்து நிமிஷம் ஓடணும், அதான் ரூல். வெளியூர்ல யாராவது இருக்காங்களா?”

இருக்காங்களாவா! அவள் புருஷன் வெளிநாட்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம். பிள்ளை பிறந்ததே அதற்கப்புறம்தான்.

இதுவரை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல். அதிலும் முகம் பாதி வரும். வாய் அசைந்து முடிந்தபின் பேச்சு வந்து சேரும்.

வீட்டுக்கு வீடு குறைந்த கட்டணத்தில் அரசாங்கமே நெட் தருகிறது என்றதும், தெருவில் முதல் கையெழுத்து அவளுடையது. புருஷனிடம் சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். தொட்டி மேல் நின்று கத்திச் சொல்கிற விஷயமா அதெல்லாம்?

கூப்பிட்டாள். முழு முகமாக வந்தார்.

“ஏய், இளைச்சிட்டியா?”

“நீங்கதான் கன்னம் ஒட்டிப் போயிருக்கீங்க.”

பிள்ளையைக் கீழே விட்டாள். தத்தக்கா பித்தக்கா என்று நாலு எட்டு வைத்தான். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“என்னங்க, நின்னுடுச்சா?”

“இல்லடி… பார்த்துக்கிட்டிருக்கேன்.”

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். தோளுக்குப் பின்னால் கேபிள்காரர் கழுத்தை நீட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு திரும்பி, “அண்ணே, கொஞ்சம் வெளிய நிக்கக்கூடாதா?”

“படம் நடுவுல நிக்குதான்னு பார்க்கணும்மா. தம்பியை இன்னொரு தடவை நடக்க விடுங்க.”

அதற்குள் அங்கே ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது. முகம் மறைந்தது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ப் பொருமினாள்.

“எங்க வீட்டுலயும் இதே கூத்துதான்டி. என் மக பேத்தியைக் காட்டுறா, இந்தாளு ‘இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க’ங்கிறான். ஊரான் வீட்டுல அப்படி என்ன வேடிக்கை?”

அன்றைக்கே புகார் எண்ணுக்குப் போன் போட்டுவிட்டாள். “குடும்பம் பேசறப்போ நின்னு வேடிக்கை பார்க்கிறார். இனிமே எங்க தெருவுக்கு அவர் வேண்டாம்.”

மூன்றாம் நாள் எதிர் வீட்டுக்கு வேறு ஒருவர் வந்தார். பெட்டி, ஒயர், பச்சை விளக்கு. உடனே பையைக் கட்டினார்.

வாசலில் மடக்கினாள். “அண்ணே, டெஸ்டுக்கு வீடியோ கால் போடலையா?”

“அப்படி ஒண்ணும் ரூல் கிடையாதேம்மா. விளக்கு எரிஞ்சா முடிஞ்சுது.”

“பார்த்தீங்களா அக்கா, நான் சொன்னேன்ல!” என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “அன்னைக்கு வந்தவர் என்னா அளப்பு அளந்தார்!”

“யாரு, எங்க நெட்டையனா?” அவர் சிரித்தார். “அவன் ஊருக்கு இன்னும் லைன் போகலைம்மா. பொண்ணு பிறந்து ஏழு மாசம், நேர்ல ஒரு தடவை பார்த்ததில்லை. போன் போட்டா குரலே பாதிதான் வரும். போற வீட்டுல எல்லாம் பிள்ளைங்களைப் பார்த்துட்டு வந்து, ‘எம்பொண்ணு இந்நேரம் இவ்ளோ இருப்பாடா’ன்னு கையால அளந்து காட்டுவான்.”

அவள் இடுப்பிலிருந்த பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

“லீவு போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?”

“லைன் வேலை முடியற வரைக்கும் எவனுக்கும் லீவு கிடையாது. அடுத்த வாரம் அவன் ஊருக்கே லைன் இழுக்கப் போறோம். அங்க போற ஆளுங்க லிஸ்டுல முதல் பேரு அவன்தான். சவரம் எல்லாம் பண்ணி மாப்பிள்ளை மாதிரி திரிஞ்சான்.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“இந்தத் தெருவுலேர்ந்து யாரோ புகார் பண்ணிட்டாங்களாம். பேரை அடிச்சிட்டாங்க.”