இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

“அந்த வரியை எழுதினது யாரு, மனோங்?”

குடையைக்கூட மடக்காமல் வாசலிலேயே நின்று கேட்டாள் மெர்லிட்டா. ஆஸ்பத்திரிப் பதிவுக் கவுண்ட்டரின் சீருடையைக்கூட மாற்றாமல் நேரே வந்திருந்தாள்.

வென்சி நாற்காலியில் கிடந்த துணிகளை அவசரமாக அள்ளிக் கட்டிலில் போட்டார். இலோய்லோ நகரத்தின் இந்த வாடகை அறைக்கு இன்னொரு ஆள் வந்து எத்தனையோ மாதமாகிறது.

“உள்ள வா, இண்டாய். மழையில நிக்காத.” அவள் அவருக்கு இண்டாய், தங்கை; அவர் அவளுக்கு மனோங், அண்ணன்.

“நான் உட்கார வரல. மூணு நாளா ஆஸ்பத்திரியில ஒரு கம்ப்யூட்டர்கூட ஓடல. எவனோ உள்ள புகுந்து எல்லாத்தையும் பூட்டிட்டான். டயாலிசிஸுக்கு வந்த ஒருத்தர் என் கவுண்ட்டர் முன்னாடி தரையிலேயே உட்கார்ந்துட்டாரு. ‘பேனாவாலயாவது என் பேரை எழுதிக்கோம்மா’ன்னு அழறாரு. நான் என்ன பண்ணுவேன்?”

“இப்ப எப்படி இருக்காரு?”

“வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பொழைச்சுக்கிட்டாரு. ஆனா திருடன் வந்த வழி எதுன்னு தெரியுமா? உங்க வென்டார்!”

வென்டார். வென்சி, டாரியோ என்ற இரண்டு நண்பர்களின் பெயரையும் ஒட்டவைத்த பெயர். வெளியிலிருந்து வரும் கோப்புகளைப் பிரித்துப் படித்துக் கொடுக்கும் சின்ன நிரல். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாத ஊர்களில் எல்லாம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாரியோ, மெர்லிட்டாவின் கணவர், இறந்து ஆறு வருடம். அதற்கப்புறம் வென்டாரைப் பார்த்துக்கொள்ள வென்சியை விட்டால் ஆளில்லை.

“ஓட்டை இருக்குன்னு ஒருத்தர் எழுதின ரெண்டாம் நாளே அடைச்சுப் புதுப் பதிப்பு போட்டுட்டேன், இண்டாய். எல்லாரும் உடனே மாத்திக்குங்கன்னு பெரிய எழுத்துல சொன்னேன். பத்தொன்பது நாளாச்சு.”

“மாத்தாதது எங்க ஆளுங்க தப்பு. ஓட்டை வெச்சது யாரு?”

வென்சி கட்டிலில் போட்ட துணிகளை மடிக்கத் தொடங்கினார்.

“ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல அதைச் சேர்த்தவங்க பேரு இருக்குமாமே. எங்க கம்ப்யூட்டர் ஆள் காட்டினான். இருநூத்திப் பன்னெண்டாவது வரி. உங்க பேரு இருந்துச்சு.” அவள் குரல் தணிந்தது. “நான் நம்பல. வேற யாராவது உங்க பேர்ல போட்டிருப்பாங்கன்னு அவன்கூட சண்டை போட்டேன். அப்படித்தானே? சொல்லுங்க, மனோங்.”

தகரக் கூரையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

“இல்ல. நான்தான்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிக்க என்ன இருக்கு? உள்ள வர்ற கோப்போட அளவைச் சரிபார்க்காம விட்டுட்டேன். என் தப்புதான்.”

மெர்லிட்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“டாரியோவா இருந்தா நாலு தடவை பார்த்திருப்பாரு. சோறு ஆறிப்போனாலும் எழுந்து வரமாட்டாரு, ஒரு புள்ளி விடாம பார்ப்பாரு. பையன் இப்பத்தான் அப்பா மாதிரி வரணும்னு அதே படிப்புல சேர்ந்திருக்கான். அவன்கூடப் படிக்கிறவங்க என்ன கேப்பாங்க? அவர் பேரும் அந்தப் பக்கத்துல இருக்கே!”

“தப்பு என் ஒருத்தனோடதுதான்னு வெளிப்படையா எழுதிடறேன். டாரியோவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னும் எழுதறேன். பையன்கிட்ட காட்டு.”

“எழுதுங்க.” திரும்பியவள் நின்றாள். “ஞாயித்துக்கிழமை வர வேணாம், மனோங். அவன் முன்னாடி உங்களை உட்கார வெச்சு என்னால சோறு போட முடியாது.”

ஆறு வருடமாக ஞாயிறு பூசை முடிந்ததும் வென்சி சாப்பிடுவது அவள் வீட்டில்தான். வாரத்தில் அந்த ஒரு வேளைதான் எதிரே ஆள் உட்கார்ந்திருக்கச் சாப்பிடுவார். மற்ற நாளெல்லாம் அவரை மனோங் என்று கூப்பிட ஒருவரும் இல்லை.

“சரி, இண்டாய்” என்றார். “தேங்கின தண்ணியில கால் வெச்சுடாத.”

ஜீப்னி வண்டி நிற்கும் முனை வரைக்கும் அவள் குடை தெரிந்தது. அது மறைந்த பிறகும் சற்று நேரம் வாசலிலேயே நின்றார்.

பிறகு கணினி முன் உட்கார்ந்தார். அதற்குள் வென்டாரின் பக்கத்தில் இருபது முப்பது பேர் திட்டியிருந்தார்கள். சோம்பேறி என்றான் ஒருவன். இந்த ஆளை முதலில் நீக்குங்கள் என்று இன்னொருவன். நீக்குவதற்கும் அங்கே வேறு ஆள் இல்லை.

வென்சி ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்:

‘இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியை எழுதியவன் நான். பிழை முழுக்க என்னுடையது. என் நண்பர் டாரியோவுக்கு இதில் பங்கில்லை. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.’

ஒருமுறை படித்துப் பார்த்து வெளியிட்டார்.

ஆறு வருடத்துக்கு முன் அந்த வரி சேர்ந்த நாளில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த டாரியோவுக்கு விரலை அசைக்கக்கூடத் தெம்பில்லை. ஆக்சிஜன் முகமூடியை விலக்கி விலக்கி, ஃபோனில் எழுத்தெழுத்தாக அவர் சொல்லச் சொல்ல, வென்சி தன் கணினியில் டைப் அடித்துக் கொடுத்தார். அவ்வளவுதான்.