நட்டு வைத்த துப்பாக்கி

முன்பு நடந்த ஒரு போரில், குண்டடிபட்டு மயங்கிய சடையப்பனைத் தோழர்கள் பொட்டலில் இருந்த ஒரு பள்ளத்தில் கிடத்தினார்கள். ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்களுக்கு அடையாளம் தெரியட்டும் என்று, அவனுடைய துப்பாக்கியை முனைக்கத்தி மண்ணில் இறங்கும்படி பக்கத்தில் நட்டுவிட்டு முன்னேறினார்கள்.

துப்பாக்கி நிமிர்ந்து நின்றது.

"என்னப்பா, சோளக்காட்டுப் பொம்மையா நீ?" என்று கேலி செய்தது சேற்றில் கிடந்த எதிரிப்படைத் துப்பாக்கி.

"காவல் நிக்கிறேன். நீ சுட்டும் எங்க ஆள் சாகலை."

எதிரித் துப்பாக்கி கேலியை விட்டது. பிறகு, "அப்போ சாயாம நில்லு. எங்க ஆளுக்கு நட்டு வைக்கக்கூட யாருமில்லை" என்றது.

சாயங்காலம் ஆயுதம் பொறுக்கும் வண்டி வந்தது. வண்டியிலிருந்து இறங்கிய சிப்பாய் பள்ளத்தை எட்டிப் பார்த்தான்.

"செத்தவனுக்கு எதுக்கு இவ்வளவு நல்ல துப்பாக்கி?" என்று பிடுங்கினான்.

"ஐயா, உயிர் இருக்கு! என்னை விடுங்க!" என்று துப்பாக்கி கதறியது. வெடித்தால்தான் அதன் குரல் மனிதர் காதில் விழும். உள்ளே ஒரு தோட்டாகூட இல்லை.

வண்டி நகர்ந்தபோது, ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் பொட்டலின் ஓரத்தில் வந்து நின்றார்கள். நெற்றியில் கைவைத்து நாலாபக்கமும் பார்த்தார்கள்.

"நட்ட துப்பாக்கி ஒண்ணும் காணோம். இங்கே யாருமில்லை, வா" என்று திரும்பி நடந்தார்கள்.