ஏழாம் நம்பரின் மூச்சு

"ஏழாம் நம்பர் நம்மளை ஏமாத்தறான்மா. மெஷினைப் பாரு" என்றார் பேராசிரியர்.

ஆராய்ச்சி மாணவி பார்த்தாள். திரையில் 0.81.

நகராத சைக்கிளில் ஏழாம் நம்பர் உயிரைக் கொடுத்து மிதித்துக்கொண்டிருந்தார். முகத்தில் மாஸ்க், அதிலிருந்து மெஷினுக்கு ஒரு குழாய். ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு இங்கே பெயர் கிடையாது, நம்பர்தான். வெளியே அவர் கிடங்கில் மூட்டை தூக்கியவர். கிடங்கை மூடி நாலு மாதம் ஆகிறது.

விஷயம் இதுதான். மொத்தம் பதினேழு பேர். ஒன்பது பேருக்குச் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு என்று மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. எட்டு பேருக்கு அது துளியும் கிடையாது, முட்டை, இறைச்சி, கீரை மட்டும். ஐந்து நாள், தினமும் காலையில் வந்து மூச்சு முட்ட மிதிக்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் கட்டிலில் படுக்க வேண்டும். உடம்பு எதை எரித்து ஓடுகிறது என்று மூச்சுக்காற்றே காட்டிக்கொடுத்துவிடும். மாவுச்சத்தை எரித்தால் எண் ஒன்றை ஒட்டி நிற்கும். அது இல்லாமல் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்தால் இறங்கும்.

ஏழாம் நம்பர் சோற்றுக் கோஷ்டி. அவருக்கு எண் இறங்கவே கூடாது.

எல்லோரும் சந்தேகப்பட்டது முட்டைக் கோஷ்டியைத்தான். தினம் இரண்டு தடவை போன், பைச் சோதனை வேறு. அப்படியும் பன்னிரண்டாம் நம்பர் சட்டைப்பையில் பன்னோடு மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சோற்றுக் கோஷ்டிக்குக் காவல் எதற்கு? டப்பாவில் போட்டு வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். தின்னச் சொன்னால் தின்னாமல் இருக்கிற ஆள் உண்டா என்ன?

திடீரென்று சைக்கிள் நின்றது. ஏழாம் நம்பர் கைப்பிடியில் சாய்ந்துவிட்டார். இருவரும் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். எண் இன்னும் இறங்கியது. 0.72.

"ரெண்டு நாளா டப்பாவை என்னப்பா பண்ணே? வித்துட்டியா?"

"சாப்பிட்டேன் சார்."

"டப்பா தினமும் வழிச்செடுத்த மாதிரி காலியாத்தான் சார் வந்துச்சு" என்றாள் மாணவி.

"டப்பா காலியானா வயிறு ரொம்பிடுச்சுன்னு அர்த்தமா? மெஷின் பொய் சொல்லாதும்மா."

ஏழாம் நம்பர் மாஸ்க்கை முகத்திலிருந்து நகர்த்தினார்.

"புள்ளைங்க மூணு சார். டப்பாவைத் திறந்ததும் சுத்தி உக்காந்துடுச்சுங்க. இது அப்பாவோட சாப்பாடு, தொடாதீங்கன்னு எப்படிச் சார் சொல்றது?"

"அப்ப நீ என்னதான் சாப்பிட்டே?"

"டப்பாவுல ஒரு முட்டை வைப்பாங்கல்ல சார், அது. சின்னவளுக்கு முட்டைன்னா ஆகாது. என் பக்கம் தள்ளி விட்டுடுவா."

மாணவிக்கு என்னவோ போலிருந்தது. முதல் நாளே, "இன்னும் கொஞ்சம் வைங்க மேடம்" என்று கேட்டவர் இவர். 'குண்டோதரன்' என்று பெயர் வைத்துச் சிரித்தவள் அவள்தான்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு சார். நாளைலேருந்து நானும் சாப்பிட்டுட்டு வந்து மிதிக்கறேன். டப்பாவை மட்டும் நிறுத்திடாதீங்க சார்."

"பாவமாத்தான்பா இருக்கு. ஆனா இது ஆராய்ச்சி. இங்க நேர்மைதான் எல்லாம். உன் ஒருத்தன் பொய், பதினஞ்சு பேரோட உழைப்பைக் கெடுத்துடும். நீ கிளம்பு."

"சார், மிச்ச டப்பாவையாவது கொடுத்து அனுப்பலாமே..." என்று இழுத்தாள் மாணவி.

"ஆய்வுல இல்லாதவனுக்கு ஆய்வுச் சாப்பாடு எப்படிம்மா கொடுக்கறது? விதின்னு ஒண்ணு இருக்கில்ல?"

ஏழாம் நம்பர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். டப்பா கொண்டுபோகிற துணிப்பையை நாலாக மடித்து மேஜையில் வைத்தார். "வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே போனார்.

அவருக்கென்று கட்டி வைத்திருந்த அன்றைய டப்பா குப்பைக்கூடைக்குப் போனது. அதுவும் விதிதான்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து, பல் குத்திக்கொண்டே வந்து மாணவியின் பக்கத்தில் உட்கார்ந்தார் பேராசிரியர்.

"எட்டுக்கு எட்டு வந்துடுச்சா?"

"சோத்துக் கோஷ்டி எட்டு இருக்கு சார். முட்டைக் கோஷ்டியிலதான் பன்னிரண்டாம் நம்பர் போனதுல ஒரு ஆள் குறையுது."

அவர் தாள்களைப் புரட்டினார். ஒன்றை உருவி அவள் முன்னால் வைத்தார்.

"இதை அங்க சேர்த்துடு."

"சார், இது ஏழாம் நம்பரோடது!"

"எவ்வளவு அழகா இறங்குது பாரு! முட்டைக் கோஷ்டியில ஒருத்தனுக்குக்கூட இவ்வளவு சுத்தமா வரலே."

"அவர் பட்டினி கிடந்தார் சார்."

"முட்டை சாப்பிட்டேன்னு அவனே சொன்னானேம்மா. மாவுச்சத்து உள்ளே போகலே. நமக்கு வேண்டியது அதானே?"

அவளுடைய பட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். ஏழு என்றிருந்ததைப் பன்னிரண்டாக்கி எண்களைத் தட்டினாள். 0.81. 0.72. கடைசிக் கட்டம், 'உணவு விதிகளைப் பின்பற்றிய விதம்'. அங்கே விரல் நின்றது.

பேராசிரியர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா யோசனை? போடு. முழு நேர்மையுடன் பின்பற்றினார்."